விமானியின் முன்வரலாறும் அரசின் ஐயமும்

தில்லியில் நான் தங்கியிருக்கும் விடுதியின் பக்கத்து அறையில் இளைய மாணவர் ஒருவர் இருக்கிறார். சென்ற வாரம் ஒரு கேள்வியோடு வந்தார். அவருடைய அண்ணன் வணிக விமானி உரிமம் பெற்றவர். பணியாணையும் கைக்கு வந்துவிட்டது. விமான நிலையத்துக்குள் நுழைவதற்குரிய அனுமதி அட்டை மட்டும் வரவில்லை. ஊரில் காவல் நிலையத்திலிருந்து ஒருவர் வந்து அக்கம்பக்கத்தில் விசாரித்திருக்கிறார். 1974ஆம் ஆண்டு ரயில்வே வேலைநிறுத்தத்தில் கலந்துகொண்ட தாத்தாவைப் பற்றியும் கேட்டிருக்கிறார். அதன்பின் மாதங்கள் கடந்தும் எந்தச் செய்தியும் இல்லை. எங்கே தடைப்பட்டிருக்கிறது என்று சொல்வாரும் இல்லை.

"இருநூறு பேருடைய உயிரை ஒருவனிடம் ஒப்படைக்கிறார்கள், விசாரிக்க வேண்டாமா என்கிறார் அம்மா. தாத்தாவுக்கும் விமானத்துக்கும் என்ன சம்பந்தம் என்கிறான் அண்ணன். இதில் எது சரிண்ணா?" என்று கேட்டார்.

இரண்டுமே சரி என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். பிறகுதான் அது விடையாகாது என்று தோன்றியது. சுதந்திர இந்தியாவில் பணிநீக்கங்களின் வரலாற்றை ஆராய்கிறவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை இங்கே ஒழுங்குபடுத்திப் பார்க்கிறேன். பதிவு நீளமானது, பொறுத்தருள்க.

*

விமானியைப் பற்றி அரசு கேட்ட முதற்கேள்வி அவருடைய திறமையைப் பற்றியதே. 1929 பிப்ரவரி 10 அன்று ஜே.ஆர்.டி. டாட்டாவுக்கு வழங்கப்பட்ட உரிமம், இந்தியா மற்றும் பர்மா விமானக் கழகம் வழங்கிய முதலாம் எண் உரிமம். 1932 அக்டோபர் 15 அன்று அவர் கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்குத் தபால் விமானத்தை ஓட்டிவந்தார். அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னை வரை அத்தபாலைக் கொண்டுசென்றவர் நெவில் வின்சென்ட். கண்பார்வை, கைப்பழக்கம், காற்றைப் படிக்கும் அறிவு ஆகியவையே அக்காலத்தில் விமானிக்குரிய தகுதிகளாகக் கருதப்பட்டன. 1934இல் இந்திய விமானச் சட்டமும் 1937இல் விமான விதிகளும் வந்தன. இவற்றின் முதன்மைக் கவலை விபத்தே. வானூர்தி விழாமல் பறக்க வேண்டும். ஓட்டுபவர் அதற்குத் தகுதியானவராக இருக்க வேண்டும்.

ஓட்டுபவரின் மனத்தில் இருப்பது என்ன என்ற கேள்வியை எழுப்பியது போர்க்காலம். இங்கே பிஜு பட்நாயக்கின் வாழ்க்கையை நினைவுகூர்வது பொருத்தம். பின்னாளில் ஒடிசாவின் முதலமைச்சரான அவர் இளமையில் விமானி. இரண்டாம் உலகப்போரின்போது ஜப்பானியப் படையெடுப்பிலிருந்து தப்பியோடிய ஆங்கிலேயக் குடும்பங்களைப் பர்மாவிலிருந்து ஏற்றிவந்தார். அதே காலத்தில், தேடப்பட்டுவந்த விடுதலைப் போராளிகளைத் தம் விமானத்திலேயே ஊர் ஊராக ரகசியமாகக் கொண்டுசென்றார். ஆங்கில அரசு அவரைச் சிறையிலிட்டது. அன்றைய அரசின் பார்வையில் அவர் ஐயத்திற்குரியவரே. அந்த ஐயம் ஆதாரமற்றதும் அன்று.

1947 ஜூலையில் டச்சுப் படைகள் சூழ்ந்திருந்த ஜாவாவிலிருந்து இந்தோனேசியத் தலைவர் சுத்தான் ஷாரிரை வெளியே கொண்டுவர நேரு நம்பியது இதே பட்நாயக்கைத்தான். தம் மனைவி ஞானதேவியுடன் தகோட்டா விமானத்தில் சென்று அவரை மீட்டுவந்தார். அடுத்த மாதம் ஷாரிர் ஐ.நா. பாதுகாப்பு அவையில் தம் நாட்டுக்காகப் பேசினார். அவ்வாண்டு அக்டோபர் இறுதியில் ஸ்ரீநகருக்குப் படைவீரர்களை ஏற்றிச்சென்ற விமானிகளுள் ஒருவராகவும் பட்நாயக் நினைவுகூரப்படுகிறார்.

ஐயத்துக்குரியவராகச் சிறையிலிடப்பட்டவரை, நாட்டின் மிக நுட்பமான வான்பணிக்கு நான்கைந்து ஆண்டுகளில் அரசே அழைத்தது. மனிதர் மாறவில்லை, அரசு மாறியது. முன்வரலாற்று விசாரணை பதிவு செய்வது ஒரு மனிதரின் நிரந்தரக் குணத்தை அன்று. ஒரு குறிப்பிட்ட அரசுக்கும் அவருக்கும் ஒரு குறிப்பிட்ட காலத்தில் இருந்த உறவை.

*

இனி அந்தத் தாத்தாவின் ரயில்வேக்கு வருவோம். இந்தியாவில் போக்குவரத்துத் தொழிலாளரின் 'நாட்டுப் பாதுகாப்புத் தகுதி' முதலில் சட்டச் சிக்கலாக வெடித்தது தண்டவாளத்தில்தான்.

1949இல், தேசப் பாதுகாப்பைக் காப்பதற்கான ரயில்வே பணி விதிகள் கொண்டுவரப்பட்டன. பொதுவுடைமை இயக்கத்தின் மீது அடக்குமுறை உச்சத்தில் இருந்த காலம் அது. பொது வேலைநிறுத்தம் நடந்தால் நாட்டின் போக்குவரத்து முழுவதும் முடங்கும் என்று தில்லி அஞ்சியது. சீர்குலைவு நடவடிக்கைகளில் ஈடுபட்டவர் என்றோ, ஈடுபடுவார் என்று ஐயுறத்தக்கவர் என்றோ கருதப்படும் ஊழியரை இவ்விதிகளின்படி பணியிலிருந்து விலக்கலாம். அவ்வாறு விலக்கப்பட்டவர்களின் வழக்கே பாலகோட்டையா வழக்கு. உச்சநீதிமன்றம் அரசின் பக்கம் நின்றது. சங்கம் அமைக்கும் உரிமை உங்களுக்கு உண்டு, ஆனால் அரசுப் பணியில் தொடரும் உரிமை அதனுள் அடங்காது என்பதே தீர்ப்பின் சாரம்.

இத்தீர்ப்பை இன்று வாசித்தால் கடுமையாகவே தோன்றும். ஆனால் அந்த 1949 விதிகளில் கவனிக்க வேண்டிய ஒரு கூறு உண்டு. ஊழியரை விலக்குமுன் அவர்மேல் சுமத்தப்படும் காரணங்களைக் குறிப்பிட்டு அறிவிப்பு அனுப்ப வேண்டும். அவர் விளக்கம் தர வாய்ப்பளிக்க வேண்டும். ஆலோசகர் குழு ஒன்று அதனைப் பரிசீலிக்க வேண்டும். அந்த நடைமுறை எவ்வளவு நேர்மையாக நடந்தது என்பது வேறு கேள்வி. ஆயினும், பிரிவினையின் காயம் ஆறாத, உள்நாட்டுக் கிளர்ச்சி நடந்துகொண்டிருந்த ஆண்டிலும், 'உன்னை ஏன் ஐயுறுகிறேன்' என்பதை ஊழியரிடமே எழுதிக் கொடுக்க வேண்டும் என்று இந்திய அரசு ஒப்புக்கொண்டிருந்தது. கட்டுரையின் இறுதியில் இதற்குத் திரும்புவேன்.

1974 மே மாதத்தில் நடந்த இருபது நாள் ரயில்வே வேலைநிறுத்தத்தின்போது இந்த ஒப்புதலும் கைவிடப்பட்டது. விசாரணையின்றியே நீக்க இடமளிக்கும் விதி பெருமளவில் பயன்படுத்தப்பட்டது. நம் மாணவரின் தாத்தா அந்த வேலைநிறுத்தத்தில் நின்றவர். அவர் மீது குற்ற வழக்கு எதுவும் இல்லை. ஐம்பது ஆண்டுகள் கடந்து, பேரனின் விமானத்துக்கு முன்னால் அந்த வேலைநிறுத்தம் வந்து நிற்கிறது.

*

விமானத் துறையில் இன்றுள்ள பாதுகாப்பு அமைப்பு விமானிகள்மேல் கொண்ட ஐயத்தால் உருவானதன்று. பயணியின் வேடத்தில் வந்தவர்களால் உருவானது.

1971 ஜனவரி 30 அன்று ஸ்ரீநகரிலிருந்து ஜம்மு சென்ற 'கங்கா' விமானத்தைப் பொம்மைத் துப்பாக்கியும் மரத்தாலான போலி வெடிகுண்டும் வைத்திருந்த இரு இளைஞர்கள் லாகூருக்குக் கடத்தினர். 1976 செப்டம்பர் 10 அன்று தில்லியிலிருந்து புறப்பட்ட இந்தியன் ஏர்லைன்ஸ் போயிங் விமானமும் லாகூருக்கே கடத்தப்பட்டது. அதையடுத்து அமைந்த பாண்டே குழுவின் பரிந்துரையின்படி, 1978 ஜனவரியில் சிவில் விமானப் போக்குவரத்துப் பாதுகாப்புப் பிரிவு ஒரு சிறு கிளையாகத் தொடங்கியது. 1985 ஜூன் 23 அன்று 'கனிஷ்கா' வெடித்து 329 பேர் மாண்டனர். குண்டு இருந்த பெட்டி விமானத்தில் ஏறியது, பெட்டிக்குரியவர் ஏறவில்லை. 1987 ஏப்ரலில் அப்பிரிவு தனித் துறையாயிற்று. 1999 டிசம்பரில் காந்தகார்க் கடத்தல் நிகழ்ந்தது. அடுத்த ஆண்டிலிருந்து விமான நிலையக் காவல் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையின் கைக்கு மாறத் தொடங்கியது.

ஒவ்வொரு சட்டமும் முந்தைய பேரிடருக்கான மறுமொழி. இந்த நிகழ்வுகள் எவற்றிலும் விமானி குற்றவாளியாக இருக்கவில்லை. கடத்தப்பட்டவராக, கழுத்தில் கத்தியோடு விமானத்தை இறக்கியவராக, அல்லது மாண்டவராகவே இருந்தார். எனினும் தடுக்கப்பட்ட பகுதிக்குள் துணையின்றி நடமாடும் எவரையும் விசாரிக்க வேண்டும் என்ற பன்னாட்டு நெறி, துப்புரவாளர் முதல் தலைமை விமானி வரை அனைவரையும் ஒரே வரிசையில் நிறுத்திற்று. இதில் தவறில்லை. விமானியின் சீருடையைப் போட்டுக்கொண்டு வேறொருவர் வரலாம். 'நீர் யார், சொல்கிற ஆள்தானா?' என்ற கேள்வி எவரையும் இழிவுபடுத்துவதன்று.

விமானியே ஆபத்தாக வந்த நிகழ்வும் இந்தியாவில் உண்டு. 1995 டிசம்பர் 17 இரவு மேற்கு வங்கத்தின் புருலியா மாவட்டத்தில் வானிலிருந்து ஆயுதங்கள் கொட்டின. கொட்டியது ஆன்டனோவ் வகைச் சரக்கு விமானம். ஓட்டியவர்கள் லாத்வியாவிலிருந்து வந்த ஐவர் குழு. அவ்விமானம் தாய்லாந்து சென்று, சில நாள்களில் மீண்டும் இந்திய வானுக்குள் நுழைந்து, சென்னையில் எரிபொருள் நிரப்பிக்கொண்டு மேற்கே புறப்பட்டது. அதன்பின்னரே பம்பாயில் கட்டாயமாகத் தரையிறக்கப்பட்டது. முதன்மைக் குற்றவாளியான கிம் டேவி விமான நிலையத்திலிருந்தே நழுவிவிட்டார். விமானக் குழுவினரும் ஆயுதத் தரகர் பீட்டர் பிளீச்சும் ஆயுள் தண்டனை பெற்று, பின்னர் மன்னிக்கப்பட்டு விடுதலையானார்கள்.

முன்விசாரணை தேவை என்பதற்கு இதைவிட வலிமையான சான்று வேண்டாம் என்று தோன்றும். ஆனால் இந்தச் சதியைப் பற்றிய எச்சரிக்கை பிரிட்டனிலிருந்து தில்லிக்கு முன்கூட்டியே கிடைத்திருந்தது. சேர வேண்டிய மாவட்டத்தை அது உரிய நேரத்தில் சேரவில்லை. தகவல் இருந்தது; அதைக் கொண்டு எவரும் இயங்கவில்லை. கோப்புகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதால் மட்டும் நீங்கும் குறையன்று இது.

*

2001 செப்டம்பருக்குப் பின் உலகம் முழுவதும் விமானி என்ற சொல்லின்மேல் நிழல் விழுந்தது. கடத்தல்காரர்களே பறக்கக் கற்றுக்கொண்டு வந்திருந்தார்கள். அந்த அச்சத்தின் விலையை முதலில் கொடுத்தவர்களுள் ஒருவர், பிரிட்டனில் வாழ்ந்த அல்ஜீரிய விமானி. தாக்குதல் நடந்து பத்து நாள்களில் கைதானார். கடத்தல்காரர்களுக்குப் பயிற்சியளித்தார் என்பது குற்றச்சாட்டு. ஏறத்தாழ ஐந்து மாதம் உயர்பாதுகாப்புச் சிறையில் இருந்தார். 2002 ஏப்ரலில், அவரைப் பயங்கரவாதத்தோடு இணைக்கும் சான்று ஏதுமில்லை என்று நீதிமன்றம் அவரை விடுவித்தது. இழப்பீட்டுக்கு அவர் தகுதியானவர் என்று பிரிட்டன் அரசு ஒப்புக்கொள்ள 2010 வரை ஆயிற்று.

ஜெர்மனியின் அனுபவம் இன்னும் நுணுக்கமானது. 2003 ஜனவரியில் ஒருவர் துப்பாக்கியைக் காட்டி மோட்டார் கிளைடர் ஒன்றைப் பறித்துச்சென்று, பிராங்க்பர்ட் நகரின் வங்கிக் கோபுரங்களைச் சுற்றிவந்து, மோதிவிடுவேன் என்று மிரட்டினார். நகரின் நடுப்பகுதி காலி செய்யப்பட்டது. இறுதியில் ஊறின்றித் தரையிறங்கினார். இதன் விளைவாக 2005இல் வான்பாதுகாப்புச் சட்டம் வந்தது. பொழுதுபோக்குக்காகச் சிறு விமானம் ஓட்டுபவரும் 'நம்பகத்தன்மைச் சோதனை'க்கு உட்பட வேண்டும் என்றது அது. பறித்துச்சென்ற ஒருவருக்காக, முறையாகக் கற்றுப் பறப்பவர் அனைவரையும் ஐயுறுவதா என்று தனியார் விமானிகள் கொதித்தார்கள். 2010இல் அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றம் சோதனை செல்லும் என்று தீர்ப்பளித்தது.

அதே சட்டத்தில் இன்னொரு விதியும் இருக்கிறது. விசாரணையில் ஒருவருக்கு எதிராக ஏதேனும் தென்பட்டால், முடிவெடுக்குமுன் அதைப் பற்றிக் கருத்துரைக்க அவருக்கு வாய்ப்பளிக்க வேண்டும்; ரகசியம் காக்க வேண்டிய கடப்பாடு குறுக்கிடும் இடம் விலக்கு. விசாரிக்கும் உரிமையையும் விடையளிக்கும் உரிமையையும் ஒரே பிரிவில் எழுதிவைத்தார்கள்.

இச்சோதனையின் எல்லையைக் காட்டியதும் அதே நாடுதான். 2015 மார்ச் 24 அன்று ஜெர்மன்விங்ஸ் விமானத்தின் துணை விமானி, தலைமை விமானி வெளியே சென்ற நேரத்தில் கதவைத் தாழிட்டு, விமானத்தை ஆல்ப்ஸ் மலையில் மோதவிட்டார். 150 பேர் இறந்தனர். அவ்வாண்டு ஜனவரியில்தான் அவருடைய பாதுகாப்புச் சோதனை புதுப்பிக்கப்பட்டிருந்தது. குறை ஏதும் காணப்படவில்லை. குறை அவருடைய நோயில் இருந்தது. மருத்துவர்களுக்கு அது தெரியும், நிறுவனத்துக்குத் தெரியாது. 2001க்குப் பின் கடத்தல்காரரைத் தடுக்க உறுதிப்படுத்தப்பட்ட கதவே அன்று தலைமை விமானியை வெளியே நிறுத்திவிட்டது.

*

நம் நாட்டிலும் இதற்கு ஓர் இணை உண்டு. 2011 தொடக்கத்தில் கோவாவில் ஒரு விமானி விமானத்தை முன்சக்கரம் முதலில் படும்படி இறக்கினார். அந்தத் தவறான தரையிறக்கத்தை ஆராயப்போன இடத்தில், உயர்நிலை உரிமத்துக்காக அவர் கொடுத்த மதிப்பெண் பட்டியலே போலி என்று தெரியவந்தது. தொடர்ந்து வேறு சிலரும் சிக்கினர், கைதுகள் நடந்தன. நாடெங்கும் உரிமங்கள் மறுபரிசோதனைக்கு உள்ளாயின. பயணிகளின் உயிருக்கு உண்மையான ஆபத்தாக இருந்த இந்த மோசடியைக் கண்டுபிடித்தது அண்டை வீட்டு விசாரணையன்று. தரையிறக்கத்தைக் கவனித்துக் கேள்வி கேட்ட தொழில்நுட்பக் கண்காணிப்பு.

எனவே ஒரு விமானியைப் பற்றிக் கேட்கத்தக்க கேள்விகளைப் பிரித்துப் பார்க்கலாம். சொல்கிற ஆள்தானா? சான்றிதழ் மெய்யானதா? வன்முறைக் குற்றமோ கடத்தல் தொடர்போ உண்டா? உடலும் மனமும் பணிக்கு ஏற்றவையா? இந்நான்கும் விமானத்தோடு நேரடித் தொடர்புடையவை. எந்தக் கட்சி, எந்தச் சங்கம், தாத்தா எங்கே நின்றார் என்பவை வேறு வகை. அவற்றைக் கேட்பதால் வானம் பாதுகாப்படையாது. கேட்பவரின் அரசியல்தான் வெளிப்படும்.

இந்த வேறுபாட்டை உச்சநீதிமன்றம் 1983லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. மத்தியப் பிரதேசத்தில் ரமாசங்கர் ரகுவன்ஷி என்ற ஆசிரியர், ஆர்.எஸ்.எஸ்., ஜனசங்க நடவடிக்கைகளில் பங்கேற்றவர் என்ற காவல்துறை அறிக்கையின்பேரில் 1974இல் நீக்கப்பட்டிருந்தார். தீர்ப்பெழுதிய நீதிபதி சின்னப்ப ரெட்டி, வேலை தேடுபவரின் அரசியல் நம்பிக்கை குறித்துக் காவல்துறையிடம் அறிக்கை கேட்பது அடிப்படை உரிமைகளின் வேரையே வெட்டுவதாகும் என்று கருதினார். குற்றச்செயல், நாசவேலை பற்றிக் கேட்பது வேறு என்பதையும் உடன் குறித்தார். 1949இல் வடிகட்டப்பட்டவர் இடதுசாரி, 1974இல் வலதுசாரி. சல்லடை ஒன்றுதான், பிடித்திருக்கும் கை மாறிக்கொண்டே இருக்கும். இன்று யார் பக்கம் நிற்பவராயினும் இதை எண்ணிப்பார்க்க வேண்டும்.

*

ஆனால் விமான நிலையம் என்று வந்ததும் நீதிமன்றத்தின் குரல் தணிகிறது. விமான நிலையத் தரைப்பணியில் இருந்த ஒரு தனியார் நிறுவனத்தின் பாதுகாப்பு ஒப்புதல் திரும்பப் பெறப்பட்ட வழக்கில், 2014இல் உச்சநீதிமன்றம் ஒரு நெறியை வகுத்தது. தேசப் பாதுகாப்பு உண்மையாகவே குறுக்கிடும்போது, காரணம் கூறி விளக்கம் கேட்கும் இயற்கை நீதியை அரசு கைவிடலாம். தேவையானால் நீதிமன்றம் கோப்பைத் தருவித்துப் பார்க்கும். ஒரு மலையாளத் தொலைக்காட்சியின் வழக்கில் 2023 ஏப்ரலில் அதே நீதிமன்றம் இதைப் பெரிதும் இறுக்கிற்று. தேசப் பாதுகாப்பு என்று சொன்ன மாத்திரத்தில் உரிமைகள் மறைந்துவிடா. மறைக்க வேண்டியதை மட்டும் மறைத்து எஞ்சியதைச் சொல்ல வேண்டும். மூடிய உறை வழக்கமாகிவிடக் கூடாது என்றது. எனினும் 2025இல் துருக்கித் தொடர்புடைய செலெபி நிறுவனத்தின் ஒப்புதல் காரணம் கூறாமலே நீக்கப்பட்டபோது, உறையில் வந்த ஆவணத்தைப் பார்த்துத் தில்லி உயர்நீதிமன்றம் அரசின் முடிவை ஏற்றுக்கொண்டது.

பெருநிறுவனத்துக்கு மூத்த வழக்கறிஞர் உண்டு. உறையை நீதிபதியாவது பிரித்துப் பார்க்கிறார். கல்விக்கடனில் பறக்கக் கற்ற இருபத்தைந்து வயது இளைஞனின் கோப்பை யார் பிரிப்பார்? அவனுக்கு மறுப்பு என்ற ஒன்றே வருவதில்லை. வெறும் காத்திருப்புதான் வருகிறது. மறுத்தால் எதிர்த்து வழக்காடலாம். காத்திருப்பை எதிர்த்து எங்கே போவது? அதற்குள் பறத்தல் பழக்கம் குன்றும், மருத்துவச் சான்று காலாவதியாகும், வட்டி ஏறும்.

ஆகவே மாணவருக்கு நான் இப்போது தரும் விடை இது. விமானியை விசாரிப்பது நியாயமே. அம்மாவின் அச்சம் கற்பனையன்று; புருலியாவும் கோவாவும் நம் நாட்டில் நடந்தவை. அந்த விசாரணை விமானத்தோடு தொடர்புடையதைக் கேட்க வேண்டும், குறித்த காலத்தில் முடிய வேண்டும், எதிரான முடிவென்றால் சொல்லக்கூடிய அளவுக்கேனும் காரணத்தைச் சொல்லி விடை கேட்க வேண்டும். இவை இல்லாதவிடத்து அது பாதுகாப்பு ஆகாது. யாருக்கும் பொறுப்பில்லாத ஐயம் மட்டுமே. இது பெரிய சலுகையும் அன்று. 1949இன் ரயில்வே ஊழியருக்கு, அவரை நீக்கக் காத்திருந்த அரசே ஏட்டளவிலாவது கொடுத்திருந்த உரிமை.

அண்ணனின் அட்டை இதை எழுதும் நாள்வரை வரவில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், விண்ணப்பம் எந்த நிலையில் உள்ளது என்று மட்டும் கேட்டு மனுப் போடும்படி சொல்லியிருக்கிறேன்.

நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். 1949 விதிகளின்கீழோ 1974 வேலைநிறுத்தத்திலோ நீக்கப்பட்ட ரயில்வே தொழிலாளரின் குடும்பங்கள் உங்கள் அறிமுகத்தில் இருந்தால், அவர்களுக்கு அன்று வந்த அறிவிப்புக் கடிதங்கள் வீட்டில் எஞ்சியிருக்கின்றனவா என்று கேட்டுப் பாருங்கள். அலுவலகப் பிரதிகள் பல அழிந்துபோயின. பெட்டியின் அடியில் மடித்துவைத்த ஒரு தாள் கிடைத்தாலும், காரணம் சொல்லும் பொறுப்பை அந்த அரசு எவ்வளவு மெய்யாக எடுத்துக்கொண்டது என்பதை அறிய அது உதவும்.